வன்னி நிலமும் செயற்கைக் காலும்

தமிழ் மக்கள் வழிவழியாகக் கூறிவந்த கதைகளுள் பொற்கைப் பாண்டியன் கதையும் ஒன்றாகும். தான் செய்த பிழைக்குத் தானே தண்டனை விதித்துத் தன் கையைக் குறைத்துக்கொண்ட அவ்வரசன், பொன்னாற் செய்த கையொன்றைப் பூண்டு ஆட்சிபுரிந்தான் என்பது கதை. இருக்கு வேதத்தின் முதல் மண்டிலத்து 116ஆம் சூக்தமும் இத்தகைய செய்தியொன்றைத் தருகின்றது. போரிற் காலிழந்த விஷ்பலா என்பாளுக்கு அச்சுவினி தேவர் இரும்புக்கால் பொருத்தினர் என்பது அச்செய்தி. விஷ்பலா என்பது பந்தயக் குதிரையொன்றின் பெயரெனக் கொள்ளும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும், இழந்த உறுப்புக்கு ஈடாக வேறோர் உறுப்பைச் செய்து பொருத்தலாம் என்னும் எண்ணம் இந்நாட்டவர்க்குப் புதியதன்று என்பது தெளிவு.

ஆயினும், இவ்விரு கதைகளும் உறுப்பு வழங்கப்பட்டதோடு நின்றுவிடுகின்றன. பொற்கையினால் அரசன் எப்பணியைச் செய்தான், இரும்புக்கால் தேய்ந்தபோது அதனைப் புதுக்கியவர் யாவர், புண் உண்டாயின் ஆற்றியவர் யாவர் என்னும் வினாக்களுக்குக் கதைகளில் விடையில்லை. இவ்வினாக்களை முதலிற் கேட்டவர்கள் மருத்துவரும் கம்மியருமே. உறுப்பிழந்தவன் வைத்தியசாலையை விட்டு நீங்கிய பின்னர் எவ்வாறு வாழ்கின்றான் என்பதைப் பல்லாண்டு தொடர்ந்து கண்டு, எழுதி, எண்ணிப் பார்த்ததன் பயனாகவே என்புச் சத்திரசிகிச்சையும் புனர்வாழ்வு மருத்துவமும் அறிவியற் றுறைகளாயின. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, அது வன்னிப் பெருநிலத்துக்கு உணர்த்தும் பாடம் யாதெனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாட்டு மருத்துவம் வருவதற்கு முன்னர் ஈழத்து வடபகுதியில் என்பு முறிவுகளைக் கவனித்தவர்கள் பரம்பரை வைத்தியர்களே. செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவப் புலமைக்குச் சான்றாக உள்ளன. முறிவு நெரிவு வைத்தியமோ பெரும்பாலும் ஏட்டினும் கைப்பழக்கத்தையே நம்பி வளர்ந்தது. முறிந்த என்பைத் தடவிப் பார்த்து நேராக்கி, எண்ணெய் பூசி, புக்கை வைத்து, மூங்கிற் சிம்பு கட்டி அசையாது வைத்தனர். தோல் கிழியாத எளிய முறிவுகள் பல இம்முறையாற் செம்மையாகப் பொருந்தின. இன்றும் மக்கள் அவ்வைத்தியரை நாடுவது இக்காரணம் பற்றியே. ஆனால், என்பு தோலைக் கிழித்து வெளிவந்தபோது நிலைமை வேறாயிற்று. புண்ணிற் சீழ் பிடித்து நச்சுக் குருதியிற் பரவினால் எந்த எண்ணெயும் பயன்படவில்லை. அக்காலத்தில் ஐரோப்பியச் சத்திரவைத்தியரும் இவ்விடயத்தில் மேம்பட்டவரல்லர். காலைத் தறித்துவிடுதலே அவர்கள் கண்ட வழி. தறிக்கப்பட்டோருட் பலர் அதன் பின்னரும் இறந்தனர்.

இந்நிலையை மாற்றியவர் கிளாஸ்கோ நகரிற் பணியாற்றிய யோசேப்பு லிஸ்ரர். 1865ஆம் ஆண்டில் வண்டிச் சில்லு ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவனொருவனின் புண்ணைக் காபோலிக் அமிலத்தால் அவர் காத்தார். சிறுவனின் கால் தப்பியது. லிஸ்ரர் அவ்வொரு வெற்றியைக் கொண்டு முழங்கவில்லை. தொடர்ந்து வந்த நோயாளரையும் அவ்வாறே கவனித்து, 1867ஆம் ஆண்டில் பதினொருவரின் வரலாற்றை வெளியிட்டார். ஒருவர் இறந்தார், ஒருவருக்குக் காலைத் தறிக்க நேர்ந்தது, ஏனைய ஒன்பதின்மரும் உறுப்புக் குறையாது பிழைத்தனர். தோல்வியையும் மறையாது எண்ணிக் காட்டிய அவ்வறிக்கையே, நோயாளரை வரிசைப்படுத்திப் பயன் காணும் ஆராய்ச்சிக்கு ஒரு நல்ல முன்மாதிரியாயிற்று.

அதே 1867ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் குறிப்பிடத்தக்க முயற்சியொன்று நிறைவெய்தியது. 1847ஆம் ஆண்டு ஈழத்துக்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியை நடத்தினார். மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவத்தைக் கற்பிக்கவும் துணிந்தார். அவரும் அவர்தம் மாணவரும் ஆங்கில நூல்களைத் தமிழாக்கிய வரிசையில், சத்திரசிகிச்சை பற்றிய 'இரணவைத்தியம்' 1867இல் வெளிவந்தது. அதற்குமுன், 1850ஆம் ஆண்டிலேயே, வடமாகாண அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் டைக் யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலையொன்றைத் தோற்றுவித்திருந்தார். அதனை நடத்திய 'பிரெண்ட்-இன்-நீட்' சங்கத்தின் பெயர், ஆபத்திலுதவும் நண்பன் எனப் பொருள்படும். அப்பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் வரவிருத்தலின் அதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

என்பு மருத்துவத்தை வேகமாக வளர்த்தவை, வருந்தத்தக்க முறையில், போர்களேயாகும். ஹியூ ஓவன் தோமஸ் என்னும் வேல்சு நாட்டு மருத்துவர் வகுத்த தொடைச் சட்டம், அவர் வாழ்நாளிற் பெரிதும் மதிக்கப்படவில்லை. முதலாம் உலகப் போரில் அவர்தம் மருமகன் றொபேட் யோன்ஸ் அதனைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தார். தொடையென்பு முறிந்து புண்ணானோருள் நூற்றுக்கு எண்பதின்மர் இறந்தனரென்று கூறப்பட்ட நிலை மாறி, அவ்விறப்பு நூற்றுக்கு இருபதிலும் குறைந்தது. சட்டம் பழையதே. காயமுற்ற இடத்திலேயே, ஒரே முறையாக, யாவர்க்கும் அதனைக் கட்டவேண்டுமென்ற ஒழுங்கே புதியது.

இரண்டாம் உலகப் போரின்போது மற்றொரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. முண்ணாண் அறுபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறப்பது திண்ணம் என்று அதுவரை கருதப்பட்டது. ஜேர்மனியிலிருந்து அகதியாக இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் இத்தகையோருக்கெனத் தனிப்பிரிவொன்றைத் தொடங்கினார். அந்நோயாளரைக் கொன்றது முண்ணாண் காயமன்று; படுக்கைப்புண்ணும் சிறுநீர்வழி நச்சுமே என்பதை அவர் கண்டார். இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டுதல், சிறுநீர்ப்பையைத் தூய்மையாகக் காத்தல், எழுந்து உட்காரப் பயிற்றுதல், தொழில் கற்பித்தல் ஆகிய எளிய பணிகளைத் தளராது செய்வித்தார். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், சக்கரநாற்காலியில் அமர்ந்த பதினாறு பேர் அவ்வைத்தியசாலை முற்றத்தில் அம்பெய்து போட்டியிட்டனர். இன்றைய பராலிம்பிக் விழாவின் வித்து அதுவே.

இங்கிலாந்தில் நிகழ்ந்த இம்மாற்றத்துக்கு இணையானதொன்று தமிழகத்து வேலூரிலும் அதே காலப்பகுதியில் நிகழ்ந்தது. கொல்லிமலையிற் பிறந்த போல் பிராண்ட் என்னும் சத்திரவைத்தியர் 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்பதே அதுவரை நிலவிய கருத்து. பிராண்ட் அவர்களது கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து அக்கருத்தை மறுத்தார். நோய் நரம்பைக் கெடுக்கின்றது; நோவு தெரியாமையால் நோயாளி சூட்டிலும் கூர்மையிலும் கையைக் காயப்படுத்திக்கொள்கின்றான்; கவனியாத காயமே விரலை அழிக்கின்றது என்று அவர் நிறுவினார். எந்தத் தசைகள் செயலிழக்கின்றன, எவை எஞ்சுகின்றன என்று கணக்கிட்ட பின்னரே, நலமான தசைநாணை இடம்மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையை அவர் மேற்கொண்டார். உணர்வற்ற பாதங்களுக்கு மென்மையான நுண்துளை றப்பரிற் செருப்புச் செய்வித்தமையும் வேலூரின் பணிகளுள் ஒன்று.

அங்கேயே பயின்ற மேரி வர்கீஸ் என்னும் மருத்துவர் 1954ஆம் ஆண்டு வாகன விபத்தொன்றில் முண்ணாண் பாதிப்புற்று நடக்கும் ஆற்றலை இழந்தார். சக்கரநாற்காலியிலிருந்தே சத்திரசிகிச்சை செய்யக் கற்ற அவர், நியூயோர்க்கிற் புனர்வாழ்வு மருத்துவத்திற் பயிற்சி பெற்றுத் திரும்பி வேலூரில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966இல் அங்கு புனர்வாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. நோயாளி சிகிச்சைக்குரிய பொருளாக மட்டுமன்றிச் சிகிச்சையை வகுக்கும் அறிஞராகவும் விளங்கலாம் என்பதற்கு அம்மையாரின் வாழ்க்கை நல்ல சான்று.

இனிச் செயற்கைக் காலின் வரலாற்றுக்கு வருவாம். அமெரிக்கக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தார் 1950ஆம் ஆண்டுகளில் அசையாக் கணுவும் மென்குதியும் கொண்ட பாதமொன்றை வகுத்தனர். சிறந்த பொறியியற் படைப்பாகிய அப்பாதம் உலகெங்கும் பரவியது. ஆயினும் அது சப்பாத்துக்குள் வைப்பதற்கென அமைந்தது; சமதளத்தில் நடப்போரையும் நாற்காலியில் அமர்வோரையும் எண்ணிச் செய்யப்பட்டது. இராசத்தானத்து ஜெய்ப்பூரில் சவாய் மான்சிங் வைத்தியசாலையின் என்பு மருத்துவராகிய பி. கே. சேத்தி, அத்தகைய கால் பெற்றுச் சென்ற உழவர் சிலர் அதனை ஒதுக்கிவிட்டு ஊன்றுகோலையே நாடியதைக் கண்டார். அவர்கள் நன்றியற்றவரல்லர். அக்காலுடன் அவர்களாற் குந்தியிருக்க இயலவில்லை. சம்மணமிட்டு அமர இயலவில்லை. ஈர வயலில் இறங்க இயலவில்லை. வெறுங்காலுடன் கோவிலுக்குட் செல்லவும் இயலவில்லை. குறை மனிதரிடத்தன்று, பாதத்தினிடத்தே உள்ளதெனச் சேத்தி உணர்ந்தார்.

அவருக்குத் துணையாக அமைந்தவர் ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞர். முறைப்படி உயர்கல்வி பெறாத அவர், வடிவமைப்பதிற் கைதேர்ந்தவர். வண்டிச் சில்லுகளின் ரயருக்குப் பயன்படும் றப்பரை அச்சிலிட்டு வேகவைத்து, உள்ளே மரமும் மென்றப்பரும் அடுக்கி, மனிதப் பாதத்தின் உருவும் நிறமும் கொண்டதொரு பாதத்தை 1960ஆம் ஆண்டுகளின் இறுதியில் இவர்கள் ஆக்கினர். அப்பாதம் எப்பக்கமும் ஓரளவு வளைந்துகொடுத்தது, நீருக்கும் சேற்றுக்கும் அஞ்சவில்லை, சப்பாத்தும் வேண்டவில்லை. அதற்குமேல் அலுமினியத் தகட்டிற் காலை அடித்து அமைத்தனர். 1975இல் ஜெய்ப்பூரில் நிறுவப்பட்ட அறநிலையமொன்று இக்காலை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 1981ஆம் ஆண்டு சேத்திக்கு மக்சேசே விருது கிடைத்தது. மருத்துவரும் கம்மியரும் ஒருவரையொருவர் மதித்து உழைத்தமையாற் பிறந்ததாகலின், ஜெய்ப்பூர்க்கால் இருவர்க்கும் உரிய புகழாகும்.

ஈழத்துக்கு இக்கால் வந்துசேர்ந்த வழியில், முன்னர்க் குறித்த பெயர் மீண்டும் தோன்றுகின்றது. 1831ஆம் ஆண்டு முதல் கொழும்பில் அறப்பணி புரிந்துவந்த பிரெண்ட்-இன்-நீட் சங்கம் 1985இல் ஜெய்ப்பூர்க்கால் செய்யும் பட்டறையொன்றைத் தொடங்கியது. 1987ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் அத்தகைய பட்டறை அமைந்தது. பிற்காலத்தில் வலுவிழந்தோர் புனர்வாழ்வுக்கான யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையமாக அது வளர்ந்தது. வன்னியில் வெண்புறா என்னும் பெயரிலான நிலையமொன்று போர்க்காலத்தில் செயற்கைக் கால்களைச் செய்து வழங்கியது. வழிகள் அடைபட்டு, மூலப்பொருள்கள் அரிதாகிய ஆண்டுகளிலும், உள்ளூரிற் செய்யவும் திருத்தவும் கூடிய கால் என்னும் தன்மையே இம்முயற்சிகளைத் தாங்கியது. தூர தேசத்திலிருந்து உதிரிப்பொருள் வரவேண்டிய கால் எதுவாயினும் அந்நாள்களில் மூலையிற் கிடந்திருக்கும்.

வன்னிப் பெருநிலம் எத்தகையது என்பதை ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் குளமும் வயலும் காடும் கலந்த நாடு. இரணைமடுக் குளத்து நீரை நம்பி 1930ஆம் ஆண்டுகளிற் குடியேற்றம் பெற்றது கிளிநொச்சி. இங்கு வாழ்வோரின் கால் வரப்பின்மேல் நடக்கவேண்டும், சேற்றில் இறங்கவேண்டும், குளக்கட்டில் ஏறவேண்டும், நந்திக்கடலோரத்து மணலில் வலை இழுக்கவேண்டும், வற்றாப்பளைப் பொங்கலன்று வெறுங்காலுடன் வீதியில் நிற்கவேண்டும். நகரத்து வைத்தியசாலையின் வழுவழுப்பான தளத்தில் பத்தடி நடந்து காட்டுவது இந்நிலத்துக்குத் தக்க சோதனையாகாது.

இந்நிலத்தின்மீதே நீண்ட போர் நிகழ்ந்தது. 1990 முதல் மூடிக் கிடந்த கண்டி வீதி 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஆவணியில் மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது முல்லைத்தீவுக் கரையோரத்தில் நெருங்கியிருந்த மக்கள் பேரிழப்புக்கு உள்ளாயினர். செல்வீச்சினாற் கை கால் இழந்தோரும், முண்ணாண் பாதிப்புற்றோரும், உடலிற் செல் துண்டுகளைச் சுமந்தோருமாகப் பலர் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமை அடைந்தனர். 2012 புரட்டாதியில் அம்முகாம் மூடப்படும் வரையில் மீள்குடியேற்றம் தொடர்ந்தது. திரும்பிச் சென்ற நிலத்திலும் மிதிவெடிகள் புதைந்திருந்தன. முகமாலை முதலிய இடங்களில் மண்ணை அங்குலம் அங்குலமாகத் துழாவும் பணி போருக்குப் பின்னரும் பல்லாண்டு நீடித்தது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 மார்கழியிற் சேர்ந்தது.

போர் முடிந்த பின்னர் உதவி வராமலில்லை. உள்நாட்டாரும் வெளிநாட்டாரும் செயற்கைக் கால்களை வழங்கினர். றாகமையில் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பயிற்சிக் கல்லூரி, செயற்கை அவயவத் தொழில்வல்லுநரை உருவாக்கி வந்தது. மாங்குளத்தில் முண்ணாண் பாதிப்புற்றோர் தாமே கூடி 'உயிரிழை' என்னும் அமைப்பை நடத்தினர். 2024இல் நெதர்லாந்து நாட்டின் உதவியுடன் அதே மாங்குளத்திற் புனர்வாழ்வு மருத்துவ நிலையமொன்றும் திறக்கப்பட்டது. இவையெல்லாம் போற்றத்தக்கன. ஆயினும், வழங்கிய கால்களின் தொகையைக் கொண்டு பணி முடிந்ததெனக் கொள்ளுதல் தவறு. ஏனெனில், செயற்கைக் கால் ஒருமுறை வழங்கி முடிக்கும் பொருளன்று.

இதன் காரணத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். இயற்கையில் உடலின் பாரத்தைத் தாங்குவதற்கென அமைந்தது உள்ளங்காலின் தடித்த தோல். காலைத் தறித்த பின்னர் அப்பாரம், அதற்கெனப் படையாத மெல்லிய தோலின்மேல் விழுகின்றது. எஞ்சிய காற்பகுதியைப் பரிசுச்சாந்தினால் அச்செடுத்து, அதற்கேற்பக் கிண்ணம் போன்ற உறையை வனைந்து, பாரம் தாங்கக்கூடிய இடங்களில் இறுக்கியும் தாங்கவியலா இடங்களில் தளர்த்தியும் அமைப்பதிலேயே கலை முழுவதும் அடங்கியுள்ளது. ஆனால் அக்காற்பகுதி மாறாதிருப்பதில்லை. முதல் ஆண்டில் வீக்கம் வடிந்து சுருங்கும். உடல் பருத்தால் அதுவும் பருக்கும். நேற்றுப் பொருந்திய கிண்ணம் நாளை தோலை உரசும். உரசிய தோல் புண்ணாகும். புண்ணானவர் காலைக் கழற்றி வைப்பார். கழற்றி வைத்தவர் வேலைக்குச் செல்லார். ஒரு குடும்பத்தின் வருவாய் இவ்வாறு ஒரு விரலளவு புண்ணினால் அற்றுப்போதல் கூடும்.

சிறுவர் நிலைமை இதனினும் கடினம். குழந்தையின் என்பு வளர்ந்துகொண்டேயிருக்கும். தறித்த முனையில் என்பு தோலைக் குத்தி வெளிவர முயல்வதும் உண்டு. அப்போது மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டப்படும். சிறுவருக்கு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கொரு முறையும், வளர்ந்தோருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கொரு முறையும் புதிய கால் வேண்டுமெனச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டுள்ளது. இக்கணக்கை வன்னிக்குப் பொருத்திப் பார்க்கலாம். 2009இல் பத்து வயதிற் காலிழந்த சிறுமி 2024இல் இருபத்தைந்து வயது மங்கை. அதற்குள் அவள் பதினைந்துக்குக் குறையாத கால்களைப் பெற்றிருத்தல் வேண்டும். அறுபது வயதுவரை வாழ்வாளாயின் இன்னும் ஏழு கால்களேனும் வேண்டும். அவளுக்கு ஒருநாள் விழாவில் வழங்கிய ஒரு கால், நீண்ட கணக்கின் முதல் வரி மட்டுமே.

எனவே, வழங்கிய காலைப் பின்தொடர்ந்து காணும் ஆராய்ச்சி இன்றியமையாததாகின்றது. புகழ்பெற்ற ஜெய்ப்பூர்க்காலும் அத்தகைய சோதனைக்கு விலக்கன்று. யென்சன் என்னும் டென்மார்க்கு அறிஞரும் பிறரும், அலுமினியத்துக்குப் பதிலாகப் பிளாத்திக்குக் குழாயினாற் செய்த ஜெய்ப்பூர்க் கால்களை இந்தியா, உகண்டா, ஹொண்டுராசு ஆகிய நாடுகளிற் பயன்படுத்துவோரிடம் சென்று ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். கிண்ணத்தின் பொருத்தத்திலும் வேலைத் திறத்திலும் குறைகள் மிகுதியாக இருந்தமை அதனாற் புலனாயிற்று. இது சேத்தியின் கருத்துக்கு இழுக்கன்று. பாதம் நிலத்துக்குப் பொருந்துவது ஒன்று. கிண்ணம் அவரவர் உடலுக்குப் பொருந்துவது மற்றொன்று. முன்னதை அச்சிலே வார்க்கலாம். பின்னதற்குத் தேர்ந்த கையும் மீண்டும் மீண்டும் காணும் பொறுமையும் வேண்டும்.

இலங்கையிலும் இத்தகைய ஆராய்ச்சிக்கு அடி கோலப்பட்டுள்ளது. ஒரு காலிழந்த படைவீரர் இரு மாவட்டங்களில் எவ்வாறு இயங்குகின்றனர் என்பதை அளந்து குணவர்த்தனவும் பிறரும் 2006இற் கட்டுரை வெளியிட்டனர். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் கூட்டு உளத்தாக்கம் பற்றி 2010இல் எழுதிய ஆய்வு, காயம் தனியொருவர் உடலோடு நில்லாது குடும்பத்தையும் ஊரையும் தாக்குகின்றதென்பதை எடுத்துரைத்தது. படைவீரரை அளந்த அளவுகோலால் வன்னி உழவரையும் மீனவரையும் அளத்தல் நீதி. அவர்தம் உளத்துயரையும் உடன்வைத்து நோக்குதல் அறிவு. காலிழந்தவர், அது எம்முகாமிலிருந்த காலாயினும், நடக்க விழைவது ஒரே நிலத்தின்மீதே.

அத்தகைய ஆராய்ச்சிக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுமென்று எண்ணி மலைத்தல் வேண்டா. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கின்றார் என்பதை அளக்க ஒரு கடிகாரமும் அளவுநாடாவும் போதும். ஒரு நாளிற் காலை எத்தனை மணி நேரம் அணிகின்றார், வரப்பில் நடக்கின்றாரா, தரையிற் குந்தி எழுகின்றாரா, கடந்த ஆறு மாதத்திற் புண் உண்டானதா, பழுது பார்க்க எவ்வளவு தூரம் சென்றார், அந்நாளுக்குரிய கூலியை இழந்தாரா என்னும் வினாக்களை ஒரே ஒழுங்கில், ஆண்டுதோறும், யாவரிடமும் கேட்டு எழுதுதலே முதன்மையான பணி. முண்ணாண் பாதிப்புற்றோருக்குப் படுக்கைப்புண்ணும் சிறுநீர்வழி நோயும் எத்தனை முறை வந்தன என்னும் குறிப்பு, குட்மன் காலத்திற் போலவே இன்றும் உயிர்காக்கும் குறிப்பாகும். இவ்வேட்டை எழுதுவோர் தமிழில் வினவவும் தமிழிற் பதியவும் வல்லவராயிருத்தல் வேண்டும். நோவைக் கூறும் சொற்கள் தாய்மொழியிலேயே நுட்பமாக அமைகின்றன. குத்து, கடுப்பு, எரிவு, விறைப்பு, உளைவு என வேறுபடுத்திக் கூறும் நோயாளியின் சொல்லை ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் நோயின் காரணமும் மறைந்துவிடும். கிறீன் மருத்துவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர்க் கண்ட உண்மை இதுவே.

போரினாற் காலிழந்தோர் காலப்போக்கிற் குறைவர், ஆகவே இப்பணியும் குறையும் என்று கருதுவோரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது. நீரிழிவினால் உணர்விழந்த பாதங்கள் பெருகிவருகின்றன. பிராண்ட் வேலூரிலே தொழுநோயாளரிடம் கண்ட அதே உண்மை இங்கும் பொருந்தும்: நோவு தெரியாத பாதமே காயத்துக்கு இரையாகும். நாள்தோறும் பாதத்தைப் பார்த்தலும் தக்க செருப்பணிதலும் பல கால்களைக் காக்கும். விரைந்தோடும் வண்டிகளால் வீதிகளில் நிகழும் விபத்துகளும் என்பு மருத்துவருக்கு ஓய்வளிப்பதில்லை. போர்க்காயத்துக்கென அமைத்த பட்டறையும் பழகிய கைகளும் இவர்களுக்கும் பயன்படும். அவற்றைக் கைவிடின் மீண்டும் அமைப்பதற்கு ஒரு தலைமுறை செல்லும்.

வலுவிழந்தோர் உரிமைகளைக் காக்கும் சட்டம் இலங்கையில் 1996ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016இல் இலங்கை உறுதிசெய்தது. சட்டம் உரிமையைக் கூறும்; அவ்வுரிமை முழங்காவிலிலும் ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் வாழும் ஒருவரைச் சென்றடைய, அருகில் ஒரு பட்டறையும், அங்கு நிலையான ஊதியத்துடன் ஒரு தொழில்வல்லுநரும், அவர் கையில் ஓர் ஏடும் இருத்தல் வேண்டும். லிஸ்ரரின் பதினொரு நோயாளரும், பிராண்டு சோதித்த கைகளும், சேத்தி கண்ட உழவரும் உணர்த்துவது இதனையே. இரக்கம் காலை வழங்கும். தொடர்ந்து காணும் அறிவே அக்காலை நடக்கச் செய்யும்.

விஞ்ஞானம் பயிலும் மாணவரிற் பலர் மருத்துவராதலையே விழைவர். அஃது நன்றே. எனினும், செயற்கை அவயவம் வனைதல், இயன்மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை ஆகிய துறைகளும் அறிவும் கைத்திறனும் ஒருங்கே வேண்டும் உயர்ந்த கல்விகளாகும். ராம்சந்திர சர்மாவின் கைகள் இன்றேற் சேத்தியின் அறிவு நூலளவில் நின்றிருக்கும். வன்னியில் ஒருவர் காலையிற் செயற்கைக் காலைப் பூட்டி, வயலுக்குச் சென்று, மாலையிற் புண்ணின்றி வீடு திரும்புவாராயின், அந்நாளில் அறிவியல் தன் கடமையைச் செய்ததெனக் கொள்ளலாம். அத்தகைய நாள்களை எண்ணிப் பதியும் ஏடுகள் வன்னி வைத்தியசாலைகளில் நிரம்புதல் வேண்டும்.